தொழிற்சாலையோடு சேர்ந்து செய்யும் ஃபைனல் இயர் புராஜெக்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதியாண்டு மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், மெக்கட்ரானிக்ஸ், இ.இ.இ. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு கம்பெனியின் உண்மையான பிரச்சினைக்கு டிசைன் செய்து கொடுக்கும் புராஜெக்ட்டுகளைப் பற்றியது இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் கோவையின் பம்ப் கம்பெனிகளையும் ஃபவுண்டரிகளையும் ஒட்டியவை. ஓசூரிலோ அம்பத்தூரிலோ செய்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

எல்லோரும் செய்கிற புராஜெக்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேள்வியைக் கொடுப்பது கம்பெனி. பதிலுக்காக அங்கே ஒருவர் காத்திருக்கிறார். பொருள் செலவை அவர்கள் ஏற்கிறார்கள், ஷாப் ஃப்ளோருக்குள் விடுகிறார்கள், பேசுவதற்கு ஓர் ஆளை ஒதுக்குகிறார்கள். செய்து முடித்த பொருள் அவர்கள் ஷெட்டில் ஓட வேண்டும்.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 1963-இல் இதை ‘கிளினிக்’ என்ற பெயரில் தொடங்கியது. மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துக் கற்பதுபோல, பொறியியல் மாணவர் கம்பெனியின் பிரச்சினையைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பது எண்ணம். கோவையில் 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, இயங்கும் பட்டறை ஒன்றோடு ஒரே வளாகத்தில் வளர்ந்தது. அங்குள்ள சாண்ட்விச் படிப்பின் அடிப்படையே வகுப்பும் பட்டறையும் மாறி மாறி வருவதுதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட், வாரத்துக்கு 20 பீரியட். 15 வாரம் என்று வைத்தால் ஒருவருக்கு 300 பீரியட், நால்வருக்கு 1,200. இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு கடையில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி ஒப்பேற்றுவது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் பெரிய நஷ்டம்.

குழுவில் எத்தனை பேர், யார் எதைச் செய்வது?

நான்கு பேர் சரியாக இருக்கும். ஒருவர் கம்பெனியோடு பேச, ஒருவர் டிராயிங்குக்கு, ஒருவர் பொருள் வாங்கவும் ஜாப் ஒர்க் கடைகளுக்கு அலையவும், ஒருவர் அளவெடுத்து டெஸ்ட் செய்ய. கணக்குப் போடுவதை மட்டும் ஒருவரிடம் விடாதீர்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் பேப்பரில் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

கம்பெனியோடு பேசுபவர் ஒரே ஆளாக இருப்பது முக்கியம். நால்வரும் தனித்தனியாக போன் செய்தால், மூன்றாவது வாரத்தில் அந்தப் பக்கம் போனை எடுப்பது நின்றுவிடும்.

கம்பெனி கிடைப்பது எப்படி? சிபாரிசு இல்லையே?

ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியின் ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் ஒரு செமஸ்டரே போய்விடும். குறிச்சி, கணபதி, அரசூர் பக்கம் 20 முதல் 100 பேர் வரை வேலை செய்யும் யூனிட்டுகள் நிறைய. அங்கே முதலாளியே காலையில் ஷெட்டுக்குள் இருப்பார். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு, முன்கூட்டியே போனில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே வேலை பார்க்கும் சீனியர் இருந்தால் அதைவிட நல்ல வழி வேறில்லை.

“சார், ஏதாவது புராஜெக்ட் இருக்கா?” என்று கேட்டால் “இல்லப்பா” என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு: எந்த வேலைக்கு ஆள் நிற்க மாட்டேன் என்கிறார்கள்? எந்தப் பொருள் அதிகம் ரிஜெக்ட் ஆகிறது? எந்த மெஷினுக்கு முன்னால் பீஸ்கள் குவிந்து கிடக்கின்றன? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லாத பட்டறை கிடையாது.

எந்த மாதிரிப் பிரச்சினையை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?

எடுக்கலாம்: ஃபிக்சர் (பீஸை அசையாமல் பிடிக்கும் அமைப்பு), டெஸ்ட் ரிக், பாரம் தூக்கும் அமைப்பு, அளவு சரிபார்க்கும் கேஜ், ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் ஒரு சென்சார் வைத்து எண்ணுவது அல்லது எச்சரிப்பது. இவற்றில் வெற்றியா தோல்வியா என்பதை எண்ணில் சொல்லிவிடலாம்.

வேண்டாம்: நாளைக்கே தேவைப்படுவது. நீங்கள் ஒரு வாரம் தாமதித்தால் கம்பெனியின் டெலிவரியே நின்றுவிடும் என்றால் அது மாணவர் வேலை அல்ல. அதேபோல, “பம்பின் எஃபிஷியன்சியைக் கூட்டித் தாருங்கள்” என்பதும் நான்கு மாதத்தில் ஆகாது. இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மாற்றினால் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி அச்சு) மாறும், பேட்டர்ன் மாறினால் வார்ப்பு, மெஷினிங், பேலன்சிங், டெஸ்ட் எல்லாம் மறுபடி. ஒரு சுற்று வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். அப்படியொரு தலைப்பைக் கம்பெனி கொடுத்தால், “டெஸ்ட் பெஞ்சில் அளவெடுக்கும் பிழையைக் குறைப்பது” என்று சுருக்கிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பிழையான அளவை வைத்துக்கொண்டு எஃபிஷியன்சியைப் பேச முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

முதல் முறை ஷாப் ஃப்ளோருக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

சேஃப்டி ஷூ, வெர்னியர், மூன்று மீட்டர் டேப், ஸ்டாப் வாட்ச், நோட்டு. போட்டோ எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் கையால் வரைந்துகொள்ளுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

முதல் நாளே தீர்வு சொல்லாதீர்கள். ஒரு ஷிப்ட் முழுவதும் அந்த மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். குறைந்தது 30 பீஸுக்கு நேரம் எடுங்கள், மொத்த நேரமாக எடுக்காமல் ஒவ்வொரு அசைவையும் தனியாகப் பிரித்து. மெஷினில் நிற்கும் அண்ணனிடம், “இதுல உங்களுக்கு எதுண்ணா கஷ்டம்?” என்று கேளுங்கள். சூப்பர்வைசர் சொன்னதும் அவர் சொல்வதும் பல நேரம் ஒத்துப்போகாது. அந்த இடைவெளியில்தான் உங்கள் புராஜெக்ட் இருக்கிறது.

பிரச்சினையை எழுதுவது எப்படி?

ஒரே பக்கம். இப்போது என்ன நடக்கிறது (எண்ணோடு), என்ன ஆக வேண்டும் (எண்ணோடு), எதை மாற்றக் கூடாது, எப்போது, எந்த டெஸ்டில் அது முடிந்ததாக ஏற்கப்படும். கீழே கம்பெனி ஆள், கைடு (கல்லூரியில் வழிநடத்தும் ஆசிரியர்), குழு என மூன்று கையெழுத்து.

ஒரு மாதிரி (கேசிங் என்பது பம்பின் வெளிக்கூடு): “பம்ப் கேசிங் லீக் டெஸ்டில் மூடித் தகட்டை ஆறு போல்ட்டால் முடுக்குகிறார்கள். ஒரு பீஸுக்கு 4 நிமிடம் 10 வினாடி. இதில் போல்ட் முடுக்கிக் கழற்ற மட்டும் 2 நிமிடம் 35 வினாடி. மொத்தத்தை 2 நிமிடத்துக்குள் கொண்டுவர வேண்டும். டெஸ்ட் பிரஷர் 6 பார், தாங்கும் நேரம் 60 வினாடி இரண்டும் மாறக் கூடாது. மூன்று மாடல் கேசிங்குக்கும் பொருந்த வேண்டும். 50 பீஸைத் தொடர்ந்து டெஸ்ட் செய்து காட்டினால் முடிந்ததாகக் கொள்ளப்படும்.”

நேரத்தைப் பிரித்து எடுத்ததன் பயன் இங்கே தெரியும். தாங்கும் 60 வினாடியைத் தொட முடியாது. 4 நிமிடம் 10 வினாடியில் போல்ட்டையும் அதையும் கழித்தால், பீஸைத் தூக்கி வைத்து, தண்ணீர் நிரப்பி, வடித்து இறக்க 35 வினாடி மிஞ்சுகிறது. ஆகவே கிளாம்ப் பிடித்து விட 25 வினாடிக்குள் ஆக வேண்டும். டிசைனுக்கான இலக்கே இந்த 25 வினாடிதான். தண்ணீர் நிரப்பத்தான் அதிக நேரம் போகிறது என்று அளவு சொல்லியிருந்தால், கிளாம்பை விட்டுவிட்டு பைப் அளவைப் பெரிதாக்கியிருப்பீர்கள்.

கணக்கு சரியாகப் போட்டும் ஷெட்டில் வேலை செய்யவில்லை. எங்கே தப்பு நடக்கிறது?

மேலே சொன்ன லீக் டெஸ்ட் ஃபிக்சரையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லாத் தப்பும் இதில் வந்துவிடும்.

கேசிங்கின் வாய் 120 மி.மீ. விட்டம். பெரும்பாலான குழுக்கள் 120-க்கே பரப்பளவு போட்டு, 6 பாரில் 6,786 நியூட்டன் விசை என்று எழுதுவார்கள். ஆனால் தண்ணீர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வரைக்கும் போய்த் தள்ளும். ஓ-ரிங் 130 மி.மீ. விட்டத்தில் உட்கார்ந்தால் பரப்பு 13,273 சதுர மி.மீ., விசை 7,964 நியூட்டன். முதல் தப்பு இது, ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசம். 1.5 மடங்கு பாதுகாப்பு சேர்த்தால் 11,946 நியூட்டன் வேண்டும்.

அடுத்து, தகட்டை அமுக்கிப் பிடிக்கும் நியூமேட்டிக் (காற்றழுத்தத்தில் இயங்கும்) சிலிண்டர். 160 மி.மீ. போர் (உள்விட்டம்), 6 பார் காற்று: 12,064 நியூட்டன். பேப்பரில் பாஸ். சிலிண்டர் வாங்கி, ஃபிக்சர் செய்து மாட்டினால் ஓரத்தில் தண்ணீர் கசிகிறது. காரணம், 6 பார் என்பது கம்ப்ரசர் ரூமில் உள்ள கேஜ் காட்டும் எண். லைனின் கடைசியில், மற்ற மெஷின்களும் காற்று இழுக்கும் நேரத்தில், அது 4.5 பாருக்கு இறங்கும். அப்போது அதே சிலிண்டர் கொடுப்பது 9,048 நியூட்டன். தண்ணீரின் தள்ளுதலைக் கழித்தால் மிச்சம் 1,084. ஓ-ரிங்கை அமுக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு தேவைப்படும். எனவே சில பீஸ் கசியும், சில பீஸ் கசியாது. காலையில் நன்றாக ஓடும், பத்து மணிக்கு மேல் கசியும். இந்த மாதிரி விட்டுவிட்டு வரும் கோளாறுதான் குழுவை உடைத்துப் போடும். பழி ஓ-ரிங் மீது போகும், ஃபவுண்டரி மீது போகும், கடைசியில் ஒருவர் மீது ஒருவர் போடுவார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஃபிக்சர் நிற்கப்போகும் இடத்தில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, ஒரு முழு ஷிப்ட் பார்த்து, மிகக் குறைந்த எண்ணை எடுத்து அதில் டிசைன் செய்யுங்கள். 4.5 பாரில் 200 மி.மீ. போர் சிலிண்டர் 14,137 நியூட்டன் தரும். இல்லையென்றால் சின்ன சிலிண்டரை டாகிள் அமைப்போடு (மடங்கி நிமிர்ந்து விசையைப் பெருக்கும் இணைப்புகள்) சேர்க்கலாம். டாகிளே நல்லது. நடுக்கோட்டைத் தாண்டிப் பூட்டிக்கொள்வதால், நடுவில் காற்று நின்றாலும் தகடு திறக்காது. சிலிண்டரை மட்டும் நம்பினால், காற்றுக் குழாய் கழன்ற நொடியில் தகடு விலகி 6 பார் தண்ணீர் ஆளின் முகத்தில் அடிக்கும்.

மூன்றாவது, கேசிங்கின் வாய் முகம். ஓ-ரிங் உட்காரும் முகம் மெஷினிங் செய்யப்பட்டதா, வார்த்தபடியே உள்ளதா என்று கையால் தடவிப் பாருங்கள். வார்த்த முகத்தில் எவ்வளவு முடுக்கினாலும் கசியும். அப்படியென்றால் கனமான ரப்பர் பேடுக்கு மாற வேண்டும், அதை அமுக்க வேண்டிய விசையும் மாறும்.

பணம் யார் கொடுப்பது? எங்கள் கையில் வாங்கலாமா?

முடிந்தவரை பணமாக வாங்காதீர்கள். மூன்று கொட்டேஷன் வாங்கிக் கொடுத்து, கம்பெனியையே பர்ச்சேஸ் ஆர்டர் போடச் சொல்லுங்கள். பில் அவர்கள் ஜி.எஸ்.டி. எண்ணில் வந்தால் அவர்கள் கணக்கில் சேரும், உங்களுக்கும் பில் தேடும் தலைவலி இல்லை. ஆட்டோ, வெல்டிங் ராடு போன்ற சில்லறைச் செலவுக்கு மட்டும் ஒரு தொகை வாங்கி நோட்டில் எழுதுங்கள்.

பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை ‘இரண்டாம் முறை செய்வதற்கு’ என்று தனியாக எழுதுங்கள். முதல் முறையே எல்லா பார்ட்டும் சரியாக வராது. முதல் மாதிரிக்கு ஃபிரேம், ஆங்கிள், பழைய மோட்டார் போன்றவற்றை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் எடுக்கலாம். சிலிண்டர், வால்வு, பிரஷர் கேஜ், தூக்கும் கொக்கி, சங்கிலி இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

நாட்களை எப்படிப் பிரிப்பது?

ஏழாம் செமஸ்டரிலேயே கம்பெனியைப் பிடித்து, அந்த ஒரு பக்க அறிக்கையில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். எட்டாம் செமஸ்டரில் தொடங்குபவர்களுக்குக் காலண்டரே எதிரி. ஜனவரி நடுவில் பொங்கல். லேத் பட்டறைகளில் ஊருக்குப் போன ஆட்கள் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பம்ப் கம்பெனிகளுக்குக் கோடை சீசன், பிப்ரவரியிலிருந்து அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மார்ச் கடைசியில் நிதியாண்டு முடிவு, ஸ்டாக் எடுப்பார்கள்.

ஆகவே பொங்கலுக்கு முன் டிராயிங் முடிந்து ஆர்டர் போயிருக்க வேண்டும். பிப்ரவரி நடுவில் அசெம்பிளி. மார்ச் முதல் வாரம் ஷெட்டில் டெஸ்ட். மீதி நாட்கள் திருத்தத்துக்கும் ரிப்போர்ட்டுக்கும். சிலிண்டர், சென்சார் போன்ற வாங்கும் பொருட்களை முதலில் ஆர்டர் செய்து, கையில் வந்ததை அளந்த பிறகு பிளேட்டில் துளை போடுங்கள். கேட்டலாகில் ஒரு அளவும் பெட்டியில் வேறு மாடலும் வருவது சகஜம்.

டிராயிங் கொடுத்தும் பார்ட் தப்பாக வருகிறதே?

பெரும்பாலும் டிராயிங்கில்தான் குறை இருக்கும். ஒரு பொருளின் முன், மேல், பக்கத் தோற்றங்களை ஷீட்டில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்ட் ஆங்கிள் என இரு முறை உண்டு. நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் வழக்கம். பல கேட் மென்பொருட்கள் தானாக தேர்ட் ஆங்கிளில் ஷீட் போடும். டர்னர் பழக்கப்படி படித்து இடம் வலம் மாற்றிச் செய்துவிடுவார். எந்த முறை என்று காட்டும் சின்னத்தைப் போடுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

எல்லா அளவுக்கும் 0.02 மி.மீ. டாலரன்ஸ் (அளவு கூடவோ குறையவோ விடும் வரம்பு) எழுதினால் விலை பல மடங்காகும், அல்லது கடைக்காரர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். பொருந்த வேண்டிய இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் இறுக்கமாகக் கொடுத்து, மீதிக்கு ‘ஐஎஸ்ஓ 2768 நடுத்தரம்’ என்று ஒரு வரி போதும். அதன்படி 30-க்கு மேல் 120 மி.மீ. வரை உள்ள அளவுக்கு 0.3 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். எம்12 போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை என்று எழுதாதீர்கள், 13.5 கொடுங்கள். வெல்டிங் செய்யும் பார்ட்டில் முதலில் வெல்டிங், பிறகு மெஷினிங். வரிசையை மாற்றினால் சூட்டில் வளைந்து, துளைகள் ஒன்றோடொன்று சேராது.

கைடு ஒன்று சொல்கிறார், கம்பெனியில் வேறொன்று சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கம்பெனி. ரிப்போர்ட்டிலும் ரிவ்யூவிலும் என்ன வேண்டும் என்பதில் கைடு. “இதில் ஐ.ஓ.டி. (இணையத்தோடு இணைந்த சென்சார்) சேர்த்தால் ரிவ்யூவில் நன்றாக இருக்கும்” என்று யாராவது சொன்னால், கையெழுத்திட்ட அறிக்கையை எடுத்துக் காட்டிப் பணிவாகப் பேசுங்கள். இருவரையும் மாதம் ஒரு முறையாவது நேரில் சந்திக்க வையுங்கள். பேசி முடித்த அன்றே, முடிவான விஷயங்களை நான்கு வரியில் இருவருக்கும் மெயில் செய்யுங்கள்.

காப்புரிமை, ரகசியம் பற்றி?

கம்பெனி ரகசிய ஒப்பந்தம் கேட்டால் மாணவர்கள் தனியாகக் கையெழுத்திட வேண்டாம், கல்லூரி வழியாக வரட்டும். ரிப்போர்ட் சமர்ப்பிக்கவும் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை, வாடிக்கையாளர் பெயர், முழு டிராயிங் இவற்றை ரிப்போர்ட்டிலிருந்து விலக்கச் சம்மதிக்கலாம்.

கண்டுபிடிப்பில் புதுமை இருக்கிறது என்று தோன்றினால், புராஜெக்ட் எக்ஸ்போவில் வைப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். முன்கூட்டியே வெளியில் காட்டியது புதுமையைக் கெடுத்துவிடக்கூடும். தற்காலிக விவரக் குறிப்போடு விண்ணப்பித்தால் முழு விவரக் குறிப்பைத் தர 12 மாதம் அவகாசம். 2021-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகையும் உண்டு.

ஒருவர் வேலையே செய்வதில்லை. என்ன செய்யலாம்?

வாரம் ஒரு முறை, ஒரு நோட்டில் நால்வரும் செய்ததை எழுதிக் கையெழுத்திடுங்கள். மூன்று வாரம் ஒருவருடைய கட்டம் காலியாக இருந்தால் நோட்டோடு கைடிடம் போங்கள். ஏப்ரலில் புகார் சொல்வதில் பயனில்லை. அதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள். அரியர் பேப்பரோ வீட்டுக் கஷ்டமோ இருக்கலாம், பகுதி நேர வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். ஷெட்டுக்கு வர முடியாதவர் டிராயிங்கை இரவில் செய்து தரலாம்.

ஷெட்டில் டெஸ்ட் செய்யும்போது எதில் கவனம் வேண்டும்?

லீக் டெஸ்டைக் காற்றால் செய்யாதீர்கள், தண்ணீரால் செய்யுங்கள். அமுக்கிய காற்றில் சேர்ந்திருக்கும் சக்தி அதிகம், வார்ப்பில் விரிசல் இருந்தால் துண்டு பறக்கும். தண்ணீர் நிரப்பும்போதும் மேலே ஒரு வென்ட் (காற்று வெளியேறும் வழி) வைத்து உள்ளிருக்கும் காற்று முழுவதும் போன பிறகே பிரஷர் ஏற்றுங்கள். கிளாம்ப் இயக்க இரு கைப் பட்டன் வையுங்கள், ஒரு கை உள்ளே மாட்ட வழியே இருக்கக் கூடாது. கம்பெனி ஆள் பக்கத்தில் இல்லாமல் மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள்.

செய்தது ஓடவில்லை என்றால் மார்க் போய்விடுமா?

ஏன் ஓடவில்லை என்று எண்ணோடு காட்ட முடிந்தால் போகாது. “4.5 பாரில் 50 பீஸில் 9 கசிந்தது, காற்றழுத்தத்தை 6-க்கு உயர்த்தியதும் ஒன்றுகூடக் கசியவில்லை” என்று சொல்பவருக்கு வைவாவில் மரியாதை கிடைக்கும். வேலை செய்யாததை வேலை செய்வதுபோல் வீடியோ எடுத்துக் காட்டினால் இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

கடைசியில் கம்பெனிக்கு எதையெல்லாம் கொடுக்க வேண்டும்?

திருத்தங்கள் சேர்த்த கடைசி டிராயிங், வாங்கிய ஒவ்வொரு பொருளின் மாடல் எண்ணும் கடையும் உள்ள பட்டியல், டெஸ்ட் அளவுகள், மெயின்டனன்ஸ் குறிப்பு. தேயும் பார்ட்டுகளில் இரண்டு செட் ஸ்பேர், அதாவது நம் உதாரணத்தில் ஓ-ரிங், அளவு எழுதிய கவரில் போட்டு ஃபிக்சரிலேயே கட்டிவிடுங்கள். ஒரு ரிங் கிடைக்காமல் மூலையில் போடப்பட்ட நல்ல ஃபிக்சர்கள் ஏராளம்.

இயக்கும் முறையை ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, லேமினேட் செய்து மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். இப்போது பல ஷெட்டுகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் நிற்கிறார்கள். அதனால் இந்தியிலும் ஒரு பக்கம், இரண்டிலும் படம். ஒட்டிய பிறகு, அதைப் பார்க்காத ஓர் ஆளைக் கூப்பிட்டு, நீங்கள் வாய் திறக்காமல், அந்தத் தாளை மட்டும் வைத்து ஐந்து பீஸ் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அவர் தயங்கி நிற்கும் இடத்தில் தாளைத் திருத்துங்கள்.